முப்பது லீற்றர் பெற்றோல்

கார் வைத்திருக்கும் எவரிடமாவது, "உங்கள் வண்டி ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்று கேட்டுப் பாருங்கள். விடை உடனே வரும். அந்த விடை பெரும்பாலும் ஒரு முழு எண்ணாக இருக்கும்; அதைச் சொல்லும்போது முகத்தில் சிறிது பெருமிதமும் தோன்றும். நானும் எட்டு ஆண்டுகளாக "இருபது" என்றே சொல்லிவந்தேன். எனது எண்ணூறு சீ.சீ. ஆல்ட்டோ வண்டியை எனக்கு விற்றவர் அவ்வாறு சொன்னார், நான் நம்பினேன், பிறருக்கும் சொன்னேன். தோட்டப் பாடசாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்து, "விடையை மட்டும் எழுதாதே, வழியைக் காட்டு" என்று எத்தனையோ பிள்ளைகளைக் கண்டித்த எனக்கு, அந்த இருபதுக்கு வழி என்ன என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

கேட்கவைத்தது 2022ஆம் ஆண்டு.

அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் ஒன்று 177 ரூபாவாக இருந்த பெற்றோல், ஜூன் 26ஆம் நாள் 470 ரூபாவாயிற்று. விலையாவது கொடுத்துவிடலாம், பொருள் இல்லையே! அடுத்த நாள், ஜூன் 27இல், ஜூலை 10ஆம் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. வரிசையில் நின்ற வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. சில சாரதிகள் வண்டியிலேயே உறங்கினர். சிலர் பூட்டிவிட்டு வீடு திரும்பினர்.

அப்போது என் அக்காவுக்குக் கண்டி வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மே மாத இறுதியில் தொடங்கி மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்தேற்ற வேண்டும். மொத்தம் ஆறு முறை. ஒவ்வொரு முறையும் அதற்குச் சில நாட்கள் முன்பாக நுவரெலியாவுக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நானுஓயாவில் ரயில் நிலையம் இருக்கிறதே என்று வாசகர் கேட்கலாம். 1885ஆம் ஆண்டிலிருந்து ரயில் இவ்வூருக்கு வருகிறது, ஐயமில்லை. ஆனால் மருந்தேறிய உடம்போடு, வாந்தியும் நடுக்கமுமாக, அரைநாளை விழுங்கும் ரயிற் பயணத்தை அறுபத்தெட்டு வயதுப் பெண் தாங்கமாட்டாள். ஒருமுறை முயன்று பார்த்து, அதை விட்டுவிட்டோம்.

ஆகவே எல்லாம் என் காரின் தாங்கியில் இருந்த பெற்றோலைப் பொறுத்ததாயிற்று.

அளந்த கதை

முதற் கண்டிப் பயணத்துக்கு முந்திய மாலை, ஒரு நிரப்பு நிலையத்தில் நெடுநேரம் வரிசையில் நின்று தாங்கியை நிறைத்திருந்தேன். பயணம் முடிந்த பின் அதே நிலையத்தில், அதே பம்பியில், குழாய் தானாக நிற்கும் முதற் சத்தத்தோடு நிறுத்தி, மறுபடியும் நிறைத்தேன். ஓடிய தூரம் 172 கிலோமீற்றர். உள்ளே சென்றது 13.2 லீற்றர். ஒன்றை மற்றதால் வகுத்தால் லீற்றருக்குப் பதின்மூன்று கிலோமீற்றர்!

எண்ணைப் பார்த்ததும் பம்பி பிழை என்று நினைத்தேன். பின்பு குழாய் முந்தி நின்றிருக்கும், பிந்தி நின்றிருக்கும் என்று நினைத்தேன். அப்படியே அரை லீற்றர் முன்பின்னாக இருந்தாலும், பதின்மூன்று என்பது பன்னிரண்டரையாகலாம், பதின்மூன்றரையாகலாம். இருபதாக வழியே இல்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவள் அவள். சாக்கின் எடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிப்பவர்களோடு நிறுவைக் களத்தில் வாதாடிப் பழகியவள். கட்டிலில் படுத்தபடியே சிரித்தாள்.

"நிறுக்காத கொழுந்துக்குப் பேர் விழுமா தம்பி? நீ இத்தனை வருசமா சொன்ன இருபதும் அப்படித்தான்."

இரண்டாம் பயணமும் முடிந்து, ஜூன் மூன்றாம் வாரத்தில், இரண்டு நாள் வரிசையில் கிடந்து தாங்கியை நிறைத்தேன். உள்ளூர் அலுவல்களுக்கு அறுபது கிலோமீற்றர் ஓடினேன். ஜூன் 27ஆம் நாள் அறிவிப்பு வந்தபோது தாங்கியில் ஏறக்குறைய முப்பது லீற்றர் இருந்தது. தாளை எடுத்துக் கணக்கிட்டேன். அடுத்த இரு கண்டிப் பயணங்களும் அவற்றுக்கு முந்திய இரு நுவரெலியாப் பயணங்களும் சேர்ந்து 380 கிலோமீற்றர். பதின்மூன்றால் வகுத்தால் இருபத்தொன்பது லீற்றருக்குச் சிறிது மேல். கையிருப்பு முப்பது, தேவை இருபத்தொன்பது. பழைய இருபதை நம்பியிருந்தால் பத்து லீற்றருக்கு மேல் மிஞ்சும் என்று எண்ணி, கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டித் தீர்த்திருப்பேன். இரண்டாம் பயணத்தில் புசல்லாவைக்கும் றம்பொடைக்கும் இடையே எங்கோ ஒரு வளைவில் வண்டி நின்றிருக்கும்.

மலை கேட்கும் விலை

எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு 1,612 மீற்றர் மேலே, அதாவது 5,291 அடி உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். கண்டியோ ஏறக்குறைய 500 மீற்றர்தான். நானுஓயாவிலிருந்து கண்டிக்குப் போகிறவன் முதலில் நுவரெலியாவுக்கு ஏறி, பின்பு லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை, கம்பளை, பேராதனை என்று இறங்கிச் செல்கிறான். திரும்பும்போது அவ்வளவையும் ஏற வேண்டும். சமவெளிக்காரரின் கணக்கு நமக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அந்த ஏற்றத்தின் விலையை எளிதாகக் கணிக்கலாம். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் சக்தி உண்டு. அதில் காற்பங்கு, அதாவது எட்டு மெகாஜூல், சக்கரத்துக்கு வந்தால் பெரிது. மிகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆட்களோடு 900 கிலோகிராம் உள்ள சிறு வண்டியைக் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு, 1,370 மீற்றர் உயரத்துக்குத் தூக்க, பன்னிரண்டு மெகாஜூல் வேண்டும். ஆகவே உயரத்துக்காக மட்டும் ஒன்றரை லீற்றர் செலவாகிறது. இதைக் குறைக்க எந்தச் சாரதியாலும் இயலாது.

ஆனால் அந்தச் செலவு முழுவதும் வீணல்ல. ஏறும்போது வாங்கிய சக்தியை இறங்கும்போது மலை திருப்பித் தருகிறது. நாம் அதைப் பிரேக்கில் எரித்துவிடாமல் வண்டியை ஓட்டப் பயன்படுத்தினால் மட்டுமே அது நமக்கு மிஞ்சும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் ஓட்டுதலில் உள்ள குற்றங்கள் எனக்குத் தெரியலாயின.

வளைவை நெருங்கும் வரை வேகமாகப் போவேன். நெருங்கியதும் பிரேக்கை அழுத்துவேன். வளைவு தாண்டியதும் மறுபடி ஆக்சிலேட்டரை மிதிப்பேன். மணிக்கு ஐம்பது கிலோமீற்றரிலிருந்து முப்பதுக்கு இறக்கி, மீண்டும் ஐம்பதுக்கு ஏற்றினால் ஏறக்குறைய ஏழு மில்லிலீற்றர் பெற்றோல் போகிறது. ஒன்றரைத் தேக்கரண்டி! அற்பந்தான். ஆனால் கண்டிக்குப் போய்வரும் பாதையில் இருநூறு முறை அவ்வாறு செய்தால் 1.4 லீற்றர். மலையை ஏறுவதற்கான விலைக்கு ஏறக்குறைய இன்னொரு மலையின் விலையை என் அவசரத்துக்காகக் கொடுத்துவந்திருக்கிறேன். மணிக்கு முப்பத்தைந்து, நாற்பது என்று ஒரே சீராகச் சென்று, வளைவு தெரிந்ததும் முன்னரே காலை எடுத்துவிடப் பழகினேன். பயணம் இருபது நிமிடம் நீண்டது. வயிறு புரளும் நோயாளிக்கும் அதுவே சுகமாயிருந்தது.

டயர்களைச் சோதித்தேன். கதவோரத் தாளில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் என்றிருந்தது. டயரில் இருந்தது 23. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலுக்கும் பெற்றோலே கூலி கொடுக்கிறது. அதிகாலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து நிரப்ப வேண்டும்.

பின் பெட்டியைத் திறந்தால் பழைய வினாத்தாள் கட்டுகள், ஒரு மூட்டை உரம், யாரோ வைத்துவிட்டுப் போன இரும்புக் கம்பி என நாற்பது கிலோ இருந்தது. அதைக் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குத் தூக்க எழுபது மில்லிலீற்றர் வேண்டும். அரைக் கோப்பைத் தேநீர் அளவுதான். இருப்பினும் இறக்கிவைத்தேன்.

நானுஓயாக் குளிரில் விடியற்காலையில் இயந்திரத்தை இயக்கிவிட்டு, அது சூடாகட்டும் என்று தேநீர் குடிப்பது என் வழக்கம். நின்றபடி ஓடும் சிறு இயந்திரம் மணிக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கும். குளிரில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். பத்து நிமிடத்தில் நூறு மில்லிலீற்றர் போய்விடும். இக்கால இயந்திரங்கள் அரை நிமிடத்தில் புறப்பட்டு, முதல் சில கிலோமீற்றர் மெதுவாக ஓடினாலே நன்கு சூடாகிவிடும். தேநீரை முன்னரே குடித்து முடித்தேன்.

எல்லாமே பலித்தன என்று சொல்லமாட்டேன். புதிய காற்று வடிகட்டி வாங்கி மாட்டினேன். எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. தாங்கியில் போடும் மாத்திரை ஒன்றை ஒருவர் விற்க வந்தார். அவரிடம் அளந்த கணக்கு இருக்கிறதா என்று கேட்டேன். அதன் பின் அவர் வரவில்லை.

இவ்வித்தை புதிதுமல்ல. 1939இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் விஞ்ஞானிகள் சிலர், தம் கார்களில் யாருடையது ஒரு கலனுக்கு அதிகத் தூரம் ஓடும் என்று பந்தயம் கட்டினர். வென்றவர் ஏறக்குறைய ஐம்பது மைல் ஓட்டினார். லீற்றருக்கு இருபத்தொரு கிலோமீற்றர். அக்காலத்துப் பெரிய கார், இன்றைய நுட்பம் ஒன்றும் இல்லாத இயந்திரம். ஓட்டுபவரின் காலிலும் பொறுமையிலும் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு அப்பந்தயம் சான்று.

நியூட்ரல் என்னும் பொய்

ஒரு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதில் உயிர் இருக்கிறது.

அந்நாட்களில் வரிசையில் நின்ற சாரதிகள் பலர் எனக்கு ஒரே புத்திமதியைச் சொன்னார்கள். "இறக்கத்தில் நியூட்ரலில் விடுங்கள் சேர்; முடிந்தால் எஞ்சினையே நிறுத்திவிடுங்கள். லபுக்கலையிலிருந்து றம்பொடை வரை சொட்டு எண்ணெய் போகாது." நானும் ஒருமுறை, நுவரெலியாவிலிருந்து நானுஓயாவுக்கு இறங்கும் பாதையில், நியூட்ரலில் விட்டுப் பார்த்தேன். இரண்டு வளைவுகள் இன்பமாயிருந்தது. மூன்றாவதில் வேகம் என் கையை மீறியது. நான்காவதில் பிரேக்கிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. வீடு சேர்ந்து சக்கரத்தின் அருகே கை வைத்தபோது அனல் அடித்தது.

நகரில் கராஜ் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு சிறு கருவியை வண்டியில் செருகி, என்னை ஓட்டச் சொல்லி அருகில் அமர்ந்தார். இறக்கத்தில் கியரில் வைத்தே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கருவியில் பெற்றோல் செலவு பூச்சியம் என்று காட்டியது. நியூட்ரலுக்கு மாற்றினேன், செலவு மீண்டும் தோன்றியது!

காரணம் எளியது. பெற்றோலை ஊசிக்குழாய் வழியே செலுத்தும் இக்கால இயந்திரங்களில், வண்டி கியரில் இருந்து காலும் எடுக்கப்பட்டால், சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. ஆகவே பெற்றோல் அடியோடு நிறுத்தப்படுகிறது. நியூட்ரலிலோ இயந்திரம் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெற்றோல் வேண்டும். காபரேட்டர் கொண்ட பழைய வண்டிகளில் இந்த ஏற்பாடு இல்லை. அக்காலத்தில் பிறந்த புத்திமதி, வண்டி மாறிய பின்பும் மாறாமல் சாரதிகளின் வாயில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. இயந்திரத்தையே நிறுத்திவிட்டாலோ, பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் சில மிதிகளில் தீர்ந்துவிடும். பின்பு முழு உடலாலும் மிதித்தாலும் வண்டி எளிதில் நிற்காது. சிக்கனம் என்று எண்ணி, பெற்றோலையும் இழந்து உயிரையும் பணயம் வைக்கிறோம்.

எங்கள் ஊருக்கு அருகே ரதெல்லக் குறுக்கு வீதி இருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் மாலை, அந்தச் சரிவில் ஒரு பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் சிக்கிய விபத்தில் ஏழு பேர் மாண்டனர். அதன் காரணத்தை ஆராய்வது என் வேலையல்ல. மலைச் சரிவு எத்தகையது என்பதை நினைவூட்டவே சொல்கிறேன். எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்க வேண்டும் என்று பழைய சாரதிகள் சொல்வார்கள். அந்தப் புத்திமதி இன்றைக்கும் பொருந்துகிறது. அதில் பெற்றோலும் மிஞ்சுகிறது.

ஓர் இரவு

ஜூலை முதற் பகுதியில் மூன்றாம் கண்டிப் பயணம் முடிந்தது. நிறைத்து அளக்கப் பெற்றோல் இல்லை. இருந்தது முள் மட்டுமே. சரிவில் நின்றால் முள் பொய் சொல்லும் என்பதால், ரயில் நிலைய முற்றத்தின் சமதரையில் நிறுத்திப் பார்த்தேன். அரைக்குச் சற்று மேலே நின்றது. பழைய கணக்கின்படி அரைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். நம்பிக்கை பிறந்தது, ஆயினும் முள் காட்டுவதைக் கணக்கென்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான்கைந்து நாட்களின் பின், இரவு பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கீழ் லயத்து இளைஞன், என்னிடம் படித்தவன். மழையில் நனைந்து நின்றான்.

"சேர், வீட்டுக்காரிக்கு வலி கண்டிருச்சு. அம்புலன்ஸ் வேற இடத்துக்குப் போயிருக்காம். முச்சக்கர வண்டி ஒன்னுலயும் எண்ணெய் இல்ல."

அந்த நொடியில் நான் நினைத்தது என்ன என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, முள்ளை நினைத்தேன். இருபது கிலோமீற்றர், ஒன்றரை லீற்றர் என்று மனம் வகுத்தது. அடுத்த கண்டிப் பயணத்துக்கு அது குறைந்தால் என்ன செய்வது என்று கேட்டது. சில வாரங்களாகச் சொட்டுச் சொட்டாக எண்ணிப் பழகிய மனம் அல்லவா? பதில் சொல்ல நாவு எழாமல் நின்றேன்.

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது. "என்ன தம்பி நிக்கிற? சாவிய எடு."

எடுத்தேன். தோட்டத்துக் கல்பாதையில் ஊர்ந்து, பிரதான வீதிக்கு ஏறி, மழையிலும் பனிமூட்டத்திலும் நுவரெலியா வைத்தியசாலையை அடைந்தோம். விடியும் முன் பெண் குழந்தை பிறந்தது. திரும்பும் வழியில் கியரில் வைத்தே மெதுவாக இறங்கினேன். முள்ளை ஒருமுறையும் பார்க்கவில்லை.

கணக்கு முடிந்தது

ஜூலை இறுதியில் நான்காம் பயணமும் நடந்தது. வண்டி வழியில் நிற்கவில்லை. அதற்குள் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கீடு தொடங்கியிருந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் என் 20 லீற்றரைப் பெற்றேன், தாங்கி நிறையவில்லை. அடுத்த வாரம் 12.5 லீற்றரோடு நிறைந்தது. ஜூனில் நிறைத்த நாளிலிருந்து ஓடிய தூரம் 520 கிலோமீற்றர், செலவு 32.5 லீற்றர். லீற்றருக்குப் பதினாறு.

பதின்மூன்றிலிருந்து பதினாறு. இதில் டயரின் பங்கு எவ்வளவு, காலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவு இல்லை. மொத்தத்தையே சொல்ல முடியும். கண்டிக்கு ஒருமுறை போய்வர ஏறக்குறைய இரண்டரை லீற்றர் மிஞ்சியது. அப்போதைய 450 ரூபா விலையில் அது 1,100 ரூபா. தோட்டத் தொழிலாளியின் ஒருநாட் சம்பளம் அந்நாளில் 1,000 ரூபா. ஒரு பெண் காலை முதல் மாலை வரை கூடை சுமந்து ஈட்டுவதைவிட அதிகமான தொகையை, ஒவ்வொரு பயணத்திலும் நான் வளைவுகளில் எரித்துவந்திருக்கிறேன்.

2023 செப்டெம்பர் முதலாம் திகதி அந்தப் பங்கீடு நிறுத்தப்பட்டது. நான் குறிப்பேட்டை நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறை நிறைக்கும்போதும் திகதி, தூரம், லீற்றர் என்று மூன்று எண்களை எழுதுகிறேன். கணக்கு திடீரென்று சரிந்தால் டயரையோ பிரேக்கையோ பார்க்கிறேன். ஒருமுறை இறுகிப்போன பிரேக்கை அந்த எண்தான் காட்டிக்கொடுத்தது. கார் வைத்திருக்கும் அன்பர்கள் செய்ய வேண்டியதும் இவ்வளவே: முதலில் அளவுங்கள், பின்பு மாற்றுங்கள், மாற்றிய பின் மறுபடி அளவுங்கள்.

அந்த ஜூலை இரவின் கணக்கும் குறிப்பேட்டில் இருக்கிறது: "நுவரெலியா வைத்தியசாலை, 20 கி.மீ." கதவருகே நான் தயங்கி நின்ற நேரத்தை எழுத அதில் கட்டம் இல்லை. அந்த இருபது கிலோமீற்றரையும் கொடுத்த பின்பும் எனக்குப் பெற்றோல் மிஞ்சியிருந்தது என்பதைக் கூட்டிப் பார்த்த அன்றுதான் அறிந்தேன்.

அக்காவின் சிகிச்சை அவ்வாண்டு செப்டெம்பரில் முடிந்தது. இப்போது வீட்டின் பின்னால் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நடுகிறாள். கீழ் லயத்துச் சிறுமி அவள் பின்னாலேயே திரிகிறாள். யாராவது வந்து, "உங்கள் கார் எவ்வளவு ஓடும்?" என்று என்னைக் கேட்டால், அக்கா எனக்கு முன்பாகப் பதில் சொல்லிவிடுகிறாள்.

"பதினாறு. நிறுத்துப் பார்த்தது."